முங்காத ஆலா

அல்சூர் ஏரியின் காலை வாசனை பாசியும் ஈரமண்ணும் கலந்த ஒன்று. எனக்கு அது பிடிக்கும், அம்மாவுக்குத்தான் ஆகாது. "தண்ணின்னா உப்பு வாசம் வரணும்" என்று மூக்கைச் சுளிப்பாள். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் பிறந்தவள், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவின் வெல்டிங் வேலைக்காக இந்த நகரத்தின் நீலசந்திராப் பகுதியில் ஓர் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்து, ஊருக்கே திரும்பிவிடலாம் என்று வாரம் தவறாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைச் சைக்கிளில் ஏற்றி ஏரிக்குக் கூட்டிப்போய், நீருக்கு மேலே திரிந்த வெள்ளைப் பறவைகளைக் காட்டி, "பாரு, உங்க ஊரு ஆலாவே இங்க வந்துடுச்சு" என்றார். நான் அசந்துபோனேன். தெருவில் ஓடினால் "ஏன்டி ஆலாப் பறக்குற" என்று அம்மா திட்டுவாளே, அந்த 'ஆலா' ஒரு பறவை என்றே அதுவரை எனக்குத் தெரியாது. அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது அது இல்ல. நம்ம ஆலா தலைகீழா விழுந்து முங்கி மீனோட வரும். இது தண்ணியத் தொட்டுட்டுல்ல போகுது" என்றாள். அப்பா விடவில்லை. கடைசியில், முங்குகிற ஆலா ஒன்றைக் காட்டினால் ஊர்ப்பேச்சை விட்டுவிடுவதாக அவள் ஒப்புக்கொண்டாள்.

எனக்கோ பள்ளிக்கூடத்தையும், ஏரியைக் கன்னடத்தில் 'கெரெ' என்று சொல்லப் பழக்கிவிட்ட சிநேகிதிகளையும் விட்டுப்போக மனமே இல்லை. அதனால் ஞாயிறுதோறும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். அத்தனையும் ஒரே வெள்ளை, ஒரே சாம்பல் சிறகு. வாலைப் பார்ப்பதற்குள் திரும்பிவிடும், அலகைப் பார்ப்பதற்குள் வெயில் கண்ணில் அடிக்கும். "இதும்மா" என்பேன். "இல்ல" என்பாள், சரியாக நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

பனி விலகிப் பறவைகள் குறையத் தொடங்கிய ஒரு காலையில், "இன்னிக்கும் முங்கலன்னா போயிடுவோமாம்மா" என்று கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா என்னையே சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஏரிப்பக்கம் திரும்பி, "அதோ, முங்கிடுச்சு. நான் பார்த்துட்டேன்" என்றாள். அவள் கைகாட்டிய பறவையைத்தான் நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் நெஞ்சுகூட நனையவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஆனால் ஏனோ துள்ளிக் குதிக்கத் தோன்றவில்லை. அப்பா சைக்கிளைத் திருப்பினார். அதன்பின் வீட்டில் ஊர்ப்பேச்சு எழவே இல்லை.

இப்போது அம்மா வைட்ஃபீல்டில் என்னோடு இருக்கிறாள். அப்பா இல்லை. சென்ற மார்கழியில் ஏரிக்குப் போய்க் கம்பிவேலியோரம் வெகுநேரம் நின்றேன். முங்குகிறதும் இல்லை, தொட்டுப்போகிறதும் இல்லை, வெறும் தண்ணீர். வீட்டுக்கு வந்ததும், இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்: "அன்னிக்கு நெசமாவே முங்குச்சாம்மா?"

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை. "தூரத்துல பறக்குறப்ப எல்லாம் ஒண்ணு போலத்தான்டி இருக்கும்" என்றாள்.