மணலில் போட்ட கணக்கு

சென்னையில் பார்க்க வேண்டியவை என்று என்னிடம் பதினான்கு இடங்கள் கொண்ட பட்டியல் ஒன்று இருந்தது. ஆறாம் வகுப்புப் புவியியல் புத்தகம், நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த ஒரு சுற்றுலாக் கையேடு, ஏற்கெனவே போய் வந்துவிட்ட பக்கத்து வீட்டு அண்ணனின் அலட்டல் ஆகிய மூன்றிலிருந்தும் திரட்டி, ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் நம்பர் போட்டு எழுதி வைத்திருந்தேன். முதல் நம்பர் துறைமுகம். உள்ளே போய் ஒரு கப்பலையாவது கையால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று அதற்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் குறித்திருந்தேன்.

பெரியவர்களின் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அத்தையை மாப்பிள்ளை வீட்டாருக்குக் காட்டுவது. அதை என்னிடம் சொல்லவில்லை. என் காதில் விழுவது செட்டிகுளம் பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்துச் சொல்வதற்குச் சமம் என்பது வீட்டில் என்னைப் பற்றிய பொதுவான கருத்து. அது தப்பென்று சொல்ல மாட்டேன்.

அத்தை அப்பாவின் தங்கை. அதற்கு முன் மூன்று தடவை மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கே வந்து, கேசரி சாப்பிட்டு, ஊருக்குப் போய்த் தகவல் சொல்கிறோம் என்று கிளம்பிப் போயிருந்தார்கள். தகவல் வரவில்லை. வாசலில் கார் நின்றால் தெருவுக்கே தெரிந்துவிடும்; பிறகு ஒரு மாசத்துக்குக் குழாயடியில் அம்மாவால் குடத்தை வைத்துவிட்டு நிம்மதியாக நிற்க முடியாது. அதனால் நான்காவது தடவை, பார்ப்பதைச் சென்னையிலேயே வைத்துக்கொள்வது, ஊருக்கு மட்டும் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று சொல்வது என்று ஏற்பாடு. கூடினால் பத்திரிகை வைக்கலாம், கூடாவிட்டால் பீச் பார்த்துவிட்டு வந்த கணக்கில் போய்விடும்.

இன்னொரு ஏற்பாடும் நடந்திருந்தது. அத்தைக்கு அப்போது இருபத்தேழு வயது. எங்கள் பக்கம் அந்த வயதில் கல்யாணமாகாத பெண் என்றால் என்ன குறை என்றுதான் முதல் கேள்வி. அப்பா ஒரு ஜோசியரைப் பிடித்து, நான்கு வருஷம் தள்ளிப் பிறந்ததாகப் புது ஜாதகம் எழுதி வாங்கிவிட்டார். அந்த இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருந்ததாம். அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை என்பதைத் தவிர வேறு குறை கிடையாது.

இதெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் தெரிந்துகொண்டவை. அன்று எனக்குத் தெரிந்தது கப்பல் மட்டும்தான்.

பெரம்பலூரில் பஸ் ஏறினோம். அப்பா, அம்மா, அத்தை, நான், ஐந்தாவதாகச் சின்ன வெங்காயம் ஒரு சாக்கு. மாப்பிள்ளை வீட்டுக்கு எங்கள் காட்டு விளைச்சல். பஸ் கிளம்பியதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"மெட்ராஸ்ல எவன் எப்புடின்னு தெரியாது. யாரு பேச்சுக் குடுத்தாலும் வாயத் தொறக்கக் கூடாது. தெரியுதா?"

"சொந்தக்காரங்க பேசுனா?"

"அங்க நமக்கு ஏதுடி சொந்தக்காரங்க. தூங்கு."

எழும்பூரில் ஒரு லாட்ஜில் குளித்துவிட்டு, காலையில் மியூசியம் போனோம். ஊரில் அதற்குச் செத்த காலேஜ் என்று பெயர். என் பட்டியலில் ஆறாவது. லாட்ஜ் பையன் மேல் நம்பிக்கை இல்லாததால் வெங்காயச் சாக்கும் அப்பாவின் தோளில் வந்தது. வாசலில் காவலாளி நிறுத்தினார்.

"என்னய்யா அது?"

"வெங்காயம் சார்."

"மியூசியத்துக்கு எதுக்குய்யா வெங்காயம்?"

அப்பா சாக்கைத் தோளிலிருந்து இறக்கினார். காவலாளி தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது சாக்கின் வாய்க்கட்டு வேறு முடிச்சாக இருந்ததாக அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

உள்ளே திமிங்கிலத்தின் எலும்பைப் பார்த்து வாயைப் பிளந்தேன். கல்லாகிப்போன சிப்பிகள் ஒரு கண்ணாடிப் பெட்டியில் இருந்தன. கீழே அரியலூர் என்று எழுதியிருந்ததைக் கத்திப் படித்தேன். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "இது நம்ம பக்கத்து ஓடையில கெடக்குற கல்லுல்ல. இதப் பாக்கவா ஏழு மணி நேரம் பஸ் ஏறி வந்தோம்" என்றார். அத்தை மட்டும் சிரித்தாள். காலையிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மத்தியானத்துக்கு மேல் கலங்கரை விளக்கம் போனால், மேலே ஏற அனுமதி கிடையாது என்றார்கள். நான்காம் நம்பரை அடித்தேன். இன்னொன்று போகலாமென்றால், நாலு மணிக்கு உழைப்பாளர் சிலைக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று அம்மா அவசரப்படுத்தினாள். மணலுக்கு என்ன அவசரம் என்று எனக்குப் புரியவில்லை. பஸ்ஸிலேயே அத்தைக்கு இரண்டு தடவை பவுடர் போட்டுவிட்டாள்.

கடலைப் பார்த்ததும் அத்தை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். தண்ணீர் வரைக்கும் போயிருப்பாள். "பொடவ நனைஞ்சா மாத்த வேற இல்ல, தள்ளி நில்லு" என்று அம்மா இழுத்து உட்கார வைத்தாள். தூரத்தில் இரண்டு கப்பல்கள், தீப்பெட்டி அளவில். நான் அதைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே மூன்று பேர் எங்களை நோக்கி மணலில் நடந்து வந்தார்கள். பேன்ட் போட்ட ஒரு பெரியவர், அவர் மனைவி, அவர்களின் மகன்.

"தூரத்துச் சொந்தம், உடையார்பாளையம் பக்கம். இப்ப ராயபுரத்துல இருக்காங்க" என்றார் அப்பா. மகனைக் காட்டி, "மாமான்னு கூப்புடு" என்றார்.

சொந்தம் என்று அப்பாவே சொல்லிவிட்டதால், பஸ்ஸில் போட்ட தடை நீங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அதோடு, அந்த மாமா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர் என்று தெரிந்ததும் நான் வேறு யாருக்கும் பேச இடம் கொடுக்கவில்லை. கிரேன் எவ்வளவு உயரம்? மேலே உட்கார்ந்தால் என்னவெல்லாம் தெரியும்? மழை பெய்தால் இறங்கி வந்துவிடுவீர்களா?

"மழையில எறங்க மாட்டோம். காத்து ஜாஸ்தியானாத்தான் எறங்குவோம்" என்றார். "மேலேர்ந்து பாத்தா கப்பல்ல துணி காயப் போட்டிருக்கிறதுகூடத் தெரியும்."

கேட்டது நான், அவர் பதில் சொன்னது அத்தையைப் பார்த்து. பேசுகிறவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லத் தெரியாதவர் என்று நினைத்தேன். அத்தை மணலைக் கிளறிக்கொண்டே, "அவ்வளவு ஒசரத்துல பயமா இருக்காதுங்களா?" என்று கேட்டாள். "மொத மாசம் இருந்துச்சு. உங்களுக்கு மொதத் தடவையா, கடல்?" என்றார். அத்தை தலையாட்டினாள். பவுடர் எல்லாம் கரைந்துபோன முகத்தில் ஒரு மாதிரி வெளிச்சம் வந்திருந்தது. வெயில் இறங்கியதால் என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

பெரியவர் சுண்டல் வாங்கிக் கொடுத்தார். நாளைக் காலை பாஸ் வாங்கி எல்லாரையும் துறைமுகத்துக்குள் கூட்டிப்போவதாகச் சொன்னார். கப்பலைத் தொடலாமா என்றேன். தொடலாம், ஆனால் தள்ளிவிடக் கூடாது என்றார். எனக்கு அவரையும் பிடித்துவிட்டது. எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டு, வாய்க்கணக்கு போட ஆரம்பித்தார். முப்பத்தேழும் நாப்பத்தஞ்சும், எண்பத்திரண்டு சார். பதினாலு ஆறு, எண்பத்து நாலு சார். "பயங்கர ஸ்பீடு" என்று மனைவியிடம் சொன்னார். அம்மாவுக்குக்கூட முகம் மலர்ந்தது.

அந்த நேரத்தில்தான் அவர் மனைவி அத்தையிடம் திரும்பி, சாதாரணமாக, "பத்தாவது எந்த வருசம்மா முடிச்ச?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு அம்மா பதில் சொல்லிக் கொடுத்துத்தான் கூட்டி வந்திருந்தாள். அத்தை உடனே சொல்லவில்லை. தெரிந்த கேள்வி ஒன்று பதில் இல்லாமல் நிற்பதை என்னால் எப்போதுமே பொறுத்துக்கொள்ள முடியாது.

"எனக்குத் தெரியும். அத்த பத்தாவது கணக்குப் பரீட்ச எழுதப் போன அன்னிக்குத்தான் நான் பொறந்தேன். எழுதிட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்து என்னத் தூக்குச்சு. இல்ல அத்த?"

தொடையில் சுருக்கென்றது. மணல் நண்டு என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தேன். அம்மாவின் விரல்கள்.

"அப்புடியா" என்றார் பெரியவர், அதே விளையாட்டுக் குரலில். "உனக்கு இப்ப என்ன வயசு?"

"பதினொன்னு சார்."

"பத்தாவது எழுதறவங்களுக்கு?"

"பதினஞ்சு."

"அப்ப அத்தைக்கு என்ன வயசு?"

வாயாலேயே சொல்லியிருக்கலாம். எல்லாரும் பார்க்கிறார்களே என்று, விரலால் மணலில் பதினைந்து எழுதி, கீழே பதினொன்று எழுதி, கோடு கிழித்து, கூட்டி, 26 என்று பெரிதாக எழுதினேன்.

அப்பா தேவைக்கு மேல் சத்தமாகச் சிரித்தார். "அது பத்தாவது இல்லீங்க, ஏழாவது பரீட்ச. இது வாயில வந்தத ஒளறும்." சொல்லிக்கொண்டே காலால் மணலைத் தேய்த்தார். ஏழாவது என்றால் பன்னிரண்டு, கூட்டினால் இருபத்து மூன்று. அப்பாவுக்குக் கணக்கு அவ்வளவு வேகமாக வரும் என்பது இப்போது நினைத்தாலும் ஆச்சரியம்தான். அந்த அம்மாவும் சிரித்து, "சின்னப் புள்ளைங்களுக்கு என்ன தெரியும்" என்று சுண்டல் பொட்டலத்தை மறுபடி கையில் எடுத்தார். விஷயம் அதோடு போயிருக்கும். மாப்பிள்ளை வீட்டார் நம்பத் தயாராகத்தான் இருந்தார்கள்.

"ஏழாவதுக்குப் பப்ளிக் பரீட்சையே கெடையாது" என்றேன் நான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என் வாழ்க்கையில் யாரும் என் கணக்கைக் காலால் அழித்ததில்லை.

"வாய மூடு" என்றார் அப்பா. மிச்சமிருந்த 26 மேல் காலை வைக்கப் போனார்.

"அழிக்காதண்ணே" என்றாள் அத்தை.

எழுந்து வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். "கணக்கு சரிதான் பாப்பா. ஒரு வருசம் மட்டும் விட்டுட்ட. மொதத் தடவ எழுதி நான் பெயிலு. நீ பொறந்தது ரெண்டாவது தடவ எழுதறப்ப." உள்ளங்கையால் ஆறைத் தட்டி அழித்துவிட்டு, ஏழு என்று எழுதினாள். நிதானமாக, வளைவெல்லாம் சுத்தமாக.

கிரேன் மாமா அந்த எண்ணைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா எழுந்து புடவையிலிருந்து மணலைத் தட்டினார். மாமாவும் எழுந்தார்.

"நேரமாயிடுச்சு. அப்ப நாங்க வரோம்" என்றார் பெரியவர்.

"நாளைக்கு எத்தன மணிக்கு சார் வரணும்?"

"நாளைக்குப் பாஸு கெடைக்கிறது கஷ்டம் பாப்பா. பெரிய ஆபீசருங்க வராங்களாம்."

முகம் தெரியாத அந்த ஆபீசர்களை நான் மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் வெங்காயச் சாக்கை நீட்டினார். அதை வாங்கிக்கொண்டார்கள்.

அன்று அறையில் அம்மா அத்தையோடு பேசவில்லை. அப்பா என்னோடு பேசவில்லை. மறுநாள் மத்தியானம் பாரிமுனையில் பஸ் ஏறினோம். அத்தைக்கு அதற்குப் பிறகு மூன்று வருஷம் கழித்துத்தான் கல்யாணமானது. எறையூர்ப் பக்கம், உண்மையான பழைய ஜாதகத்தோடு. கிரேன் மாமாவைப் பற்றி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. ஒளித்து வைத்த நாலு வருஷத்தோடு ஒருத்தர் வீட்டில் போய்க் குடித்தனம் பண்ணுவது எப்படி இருக்கும் என்பதை, கல்லூரிக்கு வந்த பிறகுதான் நானே யோசித்துப் பார்த்தேன். பிடித்துப்போனவரின் முன்னால் அந்தப் பொய்யை விட்டுவிடுவது எப்படி இருந்திருக்கும் என்பதை அதற்கும் பிறகுதான்.

பஸ்ஸில் அத்தை எனக்கு ஜன்னலோரம் கொடுத்தாள். துறைமுக மதிலுக்கு மேலே கிரேன்களின் தலை தெரிந்தது. நாலைந்து இருக்கும். ஒன்று மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"அதுல எதுலயாச்சும் அந்த மாமா இருப்பாரா அத்த?"

"இருப்பாரு" என்றாள்.

அத்தனை பேர் முன்னால் தான் பெயிலானதைக்கூட ஒத்துக்கொண்டு என் விடையைக் காப்பாற்றிக் கொடுத்தாளே என்று எனக்கு அவள்மேல் ஒரே பெருமை. பதிலுக்கு அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போலிருந்தது. ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டி கிரேன்களுக்கு டாட்டா காட்டிவிட்டு, நகர்ந்து இடம் விட்டு, "நீயும் காட்டு அத்த, மேலேர்ந்து பாத்தா எல்லாம் தெரியுமாம்" என்றேன்.