பியானோவுக்குப் பக்கத்துக் கதிரை

பியானோ வாசிக்கிறவருக்குப் பக்கத்திலை இருந்து இசைத்தாள் திருப்பிறதுதான் என்ரை வேலை. பிழைச்சால் மட்டும் முழு மண்டபமும் எங்களைப் பாக்கும். மற்றவைக்குப் பின்னாலை நிண்டு உழைக்கிற ஆக்களே, உங்களுக்கு இது விளங்கும்.

கறுப்பு உடுப்பு

மேடையிலை எங்களுக்குக் கறுப்பு உடுப்புத்தான். ஒருநாள் கச்சேரிக்கு வெளிக்கிட்டு, போற வழியிலை, பாரிசிலை எங்கடை தமிழ்க் கடையள் இருக்கிற லாச்சப்பலிலை முருங்கைக்காய் வாங்கப் போனன். கடைக்காரர் சிவம் அண்ணை என்னை மேலையும் கீழையும் பாத்திட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "ஆற்றை செத்தவீடு, தங்கச்சி?"

அழைப்பு

எனக்கு முதல்முதல் இந்த வேலையைத் தந்தது வயலின் வாசிக்கிற மதாமும் பியானோ வாசிக்கிற அவவின்ரை மனுசனும். இப்ப மதாமுக்குக் கை நடுங்கத் தொடங்கீட்டுது. கடைசியா ஒருக்கா, ஒரு பிரெஞ்சு இசையமைப்பாளரின்ரை சொனாட்டாவை மூண்டு பகுதியும் முழுசா மேடையிலை வாசிக்க வேணும் எண்டு பிடிவாதமா நிண்டா. ஒத்திகையிலை ஒருநாளும் முடிக்கேல்லை. தெரிஞ்ச முகம் ஒண்டாவது முன்னாலை இருக்கட்டும் எண்டு சிவம் அண்ணையைக் கூப்பிட்டன். அவர் யோசிச்சுப்போட்டுக் கேட்டார்: "வயலினும் பியானோவும் மட்டுமோ? அப்ப பாடுறது ஆர்?"

ரெண்டாம் பகுதி

பாரிசுக்குப் பக்கத்திலை பொபினியிலை ஒரு சின்ன மண்டபம். முதல் பகுதி நல்லாப் போச்சுது. ரெண்டாவது, மெதுவா வாசிக்கிற பகுதி. வில்லு தந்தியிலை துள்ளிச்சுது. மதாம் அரைவாசியிலை நிப்பாட்டி, வயலினைக் கீழை இறக்கினா. மனுசனும் பியானோவிலை இருந்து கையை எடுத்திட்டார். நான் திருப்பப் பிடிச்ச தாளை விடாமல் பிடிச்சுக்கொண்டிருந்தன்.

அப்பதான் சிவம் அண்ணை எழும்பினார். கச்சேரி முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டார்! எங்கடை விழாக்களிலை செய்யிறமாதிரி, கொண்டந்த பொன்னாடையோடை நேரை மேடைக்கு ஏறீட்டார். ஐயோ கடவுளே, வேலை போச்சுதெண்டு கண்ணை மூடினன். திறந்து பாத்தால் பொன்னாடை மதாமின்ரை தோளிலை கிடக்குது. "எங்கடை ஆக்கள் நல்லா வாசிச்சவைக்கு இதுதான் போடுறது" எண்டு தனக்குத் தெரிஞ்ச பிரெஞ்சிலை சொல்லிக் கும்பிட்டார்.

மதாம் சரிகையைத் தடவிப் பாத்தா. கண் கலங்கிப் போச்சுது. பிறகு பொன்னாடையோடையே வயலினைத் தூக்கித் தாடைக்குக் கீழை வைச்சு, மனுசனைப் பாத்துச் சொன்னா: "பரிசை முன்னுக்கே தந்திட்டார், இனி முடிச்சுத்தான் ஆகவேணும்."

நடுங்கி நடுங்கி, ரெண்டாம் பகுதியை விட்ட இடத்திலை இருந்து தொடங்கி, மூண்டாம் பகுதியையும் அவ வாசிச்சு முடிச்சா. எங்கடை சனம் நேரங்காலம் தெரியாமல் மேடையேறிப் பொன்னாடை போர்க்கிறதை நான் இனி ஒருநாளும் பழிக்கமாட்டன்.