வராந்தாவுக்கு வந்த அடுப்பு

பின்னறையில் இருந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்வை சிஸ்டர் தன் கையாலேயே தூக்கிவந்து, நோயாளிகள் உட்காரும் வராந்தாவில், சுவர்க் கடிகாரத்துக்கு நேர் கீழே வைத்த காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. எழுபதுகளின் கடைசி. ஒத்தக்கடை தாண்டி மேலூர் சாலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். அங்கே ஆயா வேலை. சிஸ்டர் என்னைவிட ஆறேழு வயது இளையவர். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அவர் வருவதற்கு முன் ஊசிகளை வெந்நீரில் முக்கி எடுத்தால் போதும் என்று இருந்தோம். ஊசி போட்ட இடத்தில் கட்டி வந்து எத்தனையோ பேர் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். சூட்டு உடம்பு என்று சொல்லி அனுப்பினோம். சிஸ்டர் வந்த பிறகு, தண்ணீர் கொதித்ததிலிருந்து இருபது நிமிடம். நடுவில் ஒரே ஒரு ஊசியைப் பாத்திரத்துக்குள் போட்டாலும் மறுபடி முதலிலிருந்து. கட்டியோடு வருகிறவர்கள் குறைந்தார்கள். அந்த நேரம் பார்த்து அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம் அரசாங்க வேலை கிடைத்துவிட்டது.

போக ஒரு மாதம் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். “அக்கா, நான் போனப்பறம் இது எதனால நின்னுபோகும்? உங்களுக்குத்தான் வேண்டாததெல்லாம் தோணுமே, சொல்லுங்க.” கிண்டல்தான். ஆனால் பேனாவைக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கா பயத்துக்குப் பஞ்சம்? மண்ணெண்ணெய் தீரும் என்றேன். ஒரு டின் எப்போதும் தனியாக இருக்கட்டும் என்று எழுதினார். நான் காய்ச்சலில் படுத்துவிடுவேன் என்றேன். கூட்டிப் பெருக்குகிற பெண்ணையும் பழக்க ஏற்பாடானது. கடைசியாக, “டாக்டர் அவசரப்பட்டு எடுன்னா, நான் எடுத்துக் குடுத்துருவேன் சிஸ்டர். எனக்கு எதுத்துப் பேச வராது” என்றேன். அதற்கு மட்டும் அவர் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள்தான் அடுப்பு வெளியே வந்தது. அந்த மாதம் முழுக்க, காத்திருப்பவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்: “கொதிச்சப்பறம் பெரிய முள்ளு நாலு நம்பர் தாண்டணும். அதுக்கு முன்னாடி எடுத்தா, ஊசி வேணாம்னு சொல்லிருங்க.” டாக்டர் சிரித்துவிட்டுப் போனார்.

சிஸ்டர் போய்ச் சில வாரம் இருக்கும். ஒரு முகூர்த்த நாள், நல்ல கூட்டம். திருப்பரங்குன்றத்தில் கல்யாணத்துக்குப் போகவேண்டிய டாக்டர், “போதும்மா, எடு” என்றார். என் கை மூடிக்குப் போய்விட்டது.

“ஏ ஆயா, கைய எடு! முள்ளு ரெண்டுகூடத் தாண்டல. எம்புட்டு அவசரம்?” வரிசையில் இருந்த பூக்காரம்மாதான்.

“தாலிய டாக்டரா கட்டப்போறாரு? பந்திக்குப் போயிரலாம், உக்காருங்க சார்” என்றார் பின்னால் ஒரு பெரியவர்.

வராந்தாவே சிரித்தது. டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார், ஜனங்களைப் பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான் மூடியிலிருந்து கையை எடுத்தேன்.

இப்போது எல்லாம் போட்டதும் எறிகிற ஊசி, கொதிக்கவைக்க ஒன்றுமில்லை. அன்றைக்கே சிஸ்டருக்கு ஒரு கார்டு எழுத நினைத்தேன். எழுத்துப் பிழை வருமே என்று தள்ளிப்போட்டு, எழுதாமலே போய்விட்டது. அந்தப் பயத்தையும் அவரிடம் சொல்லிவைத்திருந்தால், அதற்கும் ஒரு வழி செய்துவிட்டுத்தான் போயிருப்பார்.