தலைப்பில் இருந்த மூன்று குறிகள்

பெரம்பலூர் பழைய பேருந்து நிலையத்துக்கு எதிர்ச்சந்தில், கணினியில் அச்சுக்கோக்கும் ஒரு டி.டி.பி. கடை இருந்தது. 2004ஆம் ஆண்டில் அங்கே கணினியில் வேலை பார்த்தவள் மலர்க்கொடி. அரும்பாவூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து போவாள். கல்யாணப் பத்திரிகையும் காதுகுத்துப் பத்திரிகையுமே அன்றாட வேலை. உரிமையாளர் பரணிதரன் பிழைப் பதிவேடு ஒன்று வைத்திருந்தார். தேதி, பிழை, கண்டுபிடித்தவர் என அதில் மூன்று பத்திகள். ஒருவர் பெயருக்குரிய பக்கத்தில் மூன்று பதிவுகள் ஏறினால் வேலை போய்விடும். மலர்க்கொடியின் பக்கத்தில் ஏற்கெனவே இரண்டு: விடுபட்ட தாய்மாமன் பெயர், மாறிப்போன முகூர்த்த நேரம். இரண்டையும் கண்டுபிடித்தவர்கள் வாடிக்கையாளர்கள்தாம்.

வைகாசி மாதத் திங்கட்கிழமை ஒன்றில் விக்கிரமங்கலத்து பேண்டு மாஸ்டர் உத்திராபதி வந்தார். டிரம்பெட்டுக்காக அவர் கையால் எழுதிய இசைக்குறி நோட்டு நைந்துபோயிருந்தது. ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை அழைப்புக்குள், அவர் செட்டில் டிரம்பெட் வாசிக்கும் நால்வருக்கும் புதுப் பிரதி வேண்டும். இசைக்குறி எழுதும் மென்பொருளின் சி.டி.யும் ஒரு கீபோர்டும் அவரே கொண்டுவந்திருந்தார். கீபோர்டைக் கணினியோடு இணைத்து, நோட்டைப் பார்த்து வாசித்தார். திரையில் ஐந்து கோடுகளின்மேல் புள்ளிகள் தாமாக வந்து உட்கார்ந்தன. முடிந்ததும் கணினியையே வாசிக்க விட்டுக் கண்ணை மூடிக் கேட்டார்.

“நம்ம செட்டைவிட இதுவே ஒழுங்கா வாசிக்குதும்மா” என்று சிரித்துவிட்டு, புரூப் தாளில் கையெழுத்திட்டுப் போனார்.

நோட்டின் முதல் வரித் தலையில் ஆங்கிலச் சின்ன ‘b’ எழுத்தைப்போல மூன்று சிறு குறிகள் இருந்தன. பத்திரிகையின் தலையில் வரும் பிள்ளையார் சுழியையும் சாமி படத்தையும் கடைசியில் வைப்பதே அந்தக் கடையின் வழக்கம். சாமியை மாற்றச் சொல்லாத வாடிக்கையாளர் அபூர்வம். இதுவும் அப்படியோர் அலங்காரம் என்றெண்ணி மலர்க்கொடி ஒதுக்கி வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை காலை அவற்றைச் சேர்த்துவிட்டு, எப்போதும் செய்வதுபோல நோட்டையும் அச்சுப்படியையும் அருகருகே வைத்துப் பார்த்தாள்.

நோட்டில் நடுக்கோட்டில் இருந்த முதல் புள்ளி, அச்சில் அதற்குக் கீழுள்ள இடைவெளியில் இருந்தது. முன்னால் வேலி போன்ற ஒரு குறி வேறு. எண்ணிப் பார்த்தாள். அறுபத்தோர் இடங்களில் இதே போன்ற மாற்றம்.

அந்த ஒரு புள்ளியை மட்டும் நடுக்கோட்டுக்கு ஏற்றி ஒலிக்க விட்டாள். ஓசை மாறவில்லை. தலைப்பின் மூன்று குறிகளை நீக்கிவிட்டு ஒலிக்க விட்டாள். அதே புள்ளி வேறாக ஒலித்தது. திரும்ப வைத்தாள், சரியாயிற்று. அவை அலங்காரம் அல்ல. எந்தப் புள்ளி எந்தக் கோட்டில் உட்கார வேண்டும் என்று இயந்திரத்துக்கு முதலிலேயே சொல்பவை. அவள் சொல்லாமல் விட்டதால் அது தன் இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறது. ஓசை ஒன்றாகவே இருந்ததால் மாஸ்டரின் காதுக்கும் அது எட்டவில்லை.

பரணிதரனிடம் காட்டினாள்.

“கையெழுத்து வாங்கியாச்சுல்ல? அச்சுக்கு அனுப்பு.”

“நோட்டு மாதிரி இல்லீங்க சார்.”

“மாஸ்டருக்கே சரியாத் தெரியுது. உனக்கு அதுல என்ன தெரியும் மலரு?”

“ஒண்ணும் தெரியாதுங்க. மாறியிருக்குன்னு மட்டும் தெரியுது.”

மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடினாள். பேசாமல் இருந்தால் மாஸ்டரின் கையெழுத்து அவளைக் காப்பாற்றும். சொன்னால் மூன்றாவது பதிவு. ஞாயிற்றுக்கிழமை நடுத்தெருவில் நால்வரும் தாளைப் பார்த்துத் திகைத்து நிற்பது கண்முன் வந்துகொண்டே இருந்தது. மூன்று மணிக்கு எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மாஸ்டருக்குப் போன் போட்டாள்.

“மாஸ்டர், மொதல் புள்ளி நடுக்கோட்டுல இல்லீங்க. அதுக்குக் கீழ இருக்குது. முன்னாடி வேலி மாதிரி ஒரு குறி.”

உத்திராபதிக்கு உடனே புரிந்துவிட்டது.

“அது ஷார்ப்பும்மா, கீழ இருக்குற புள்ளிய ஏத்தும். நம்மளது பிளாட்டு, மேல இருக்குறத எறக்கும். ரெண்டுக்கும் சத்தம் ஒண்ணுதான், நான் சமாளிச்சுடுவேன். நம்ம ஆளுங்க பத்து வருஷமா அந்தக் கோட்டைப் பாத்தே விரல் வெச்சவனுங்க. இதைப் பாத்தா பேந்தப் பேந்த முழிப்பானுங்க.”

“தப்பு என்னோடதுங்க. தலைப்புல இருந்த மூணு குறியைக் கடைசியா வெச்சுக்கலாம்னு வுட்டுட்டேன்.”

“நான் மட்டும் என்ன, கண்ணை மூடிக்கிட்டுல்ல கையெழுத்துப் போட்டேன். காலையில கீபோர்டைத் தூக்கிட்டு வரேன்.”

புதன்கிழமை முதலில் மூன்று குறிகளை வைத்தாள். பிறகு மாஸ்டர் மறுபடி முழுவதும் வாசித்தார். புள்ளிகள் நோட்டில் இருந்த கோடுகளிலேயே வந்து உட்கார்ந்தன. இம்முறை அவர் கண்ணைத் திறந்துகொண்டு வரிவரியாகப் பார்த்துக் கையெழுத்திட்டார்.

அவர் போனதும் மலர்க்கொடி பதிவேட்டை எடுத்தாள். தேதி எழுதினாள். பிழையை இரண்டு வரியில் எழுதினாள். மூன்றாம் பத்தியில் பேனா நின்றது. பிறகு ‘மலர்க்கொடி’ என்று எழுதினாள். பதிவேட்டைப் பரணிதரன் மேசையில் வைத்துவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவர் படித்தார். முந்தைய பக்கங்களைப் புரட்டினார். கண்டுபிடித்தவர் பத்தியில் முழுக்க வாடிக்கையாளர் பெயர்களே இருந்தன; கடை ஆள் பெயர் ஒன்றுகூட இல்லை. பதிவேட்டை மூடி இழுப்பறைக்குள் தள்ளினார். ஒரு கையெழுத்துப் பிரதியை எடுத்து அவள் பக்கம் நீட்டினார்.

“வாலிகண்டபுரத்துக் காதுகுத்து. இதுக்காவது தலைப்பை மொதல்ல போடு.”

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.