கோபத்தில் கட்டிய சுவர்

மாமனாரின் குடை நுனி எங்கள் வீட்டுச் சுவருக்குள் விரலளவு இறங்கியபோது நான் அவருக்குக் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் கடைசி அது. மட்டாஞ்சேரியில், சுக்கும் மிளகும் மணக்கிற கிடங்குகளுக்கு நடுவே ஒரு சந்தில் எங்கள் வீடு. என் மனைவி பிரசவத்துக்காகப் பாலக்காட்டில் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. தாயையும் சேயையும் என்றைக்குக் கொண்டுவந்து விடலாம் என்று நாள் பேசத்தான் மாமனார் கார்த்திகை மாதத்தில் வந்திருந்தார். வந்தவர் எதற்கோ பின்னறைக்குப் போனார். அங்கே ஜன்னலுக்குக் கீழே சுவர் உப்புப் பூத்து, வயிறு தள்ளி நின்றது. இரண்டு செங்கல்லுக்கு நடுவே குடை நுனியை வைத்து லேசாக அழுத்தினார். உள்ளே போய்விட்டது.

"மாப்ளே, இந்தச் சொவர் நேரே ஆகாம பொண்ணையும் கொழந்தையையும் அனுப்பறதா இல்லை. ஆனப்பறம் ஆள் விட்டுச் சொல்லுங்கோ," என்றார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் படகு ஜெட்டிக்கு நடந்தார்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என் வீடு, என் பெண்டாட்டி, என் குழந்தை. இவர் யார் நடுவில்? குழந்தையை நான் பதினோராம் நாள் புண்யாகத்தன்று ஒரே ஒரு முறைதான் கையில் வாங்கியிருந்தேன். அதுவும் கொட்டாவி விட்டுவிட்டு என்னைப் பார்க்காமலே தூங்கிவிட்டது. அந்த முகம் சரியாக நினைவில் நிற்கவில்லை. கண்ணை மூடினால் மூக்கு வரும், கண் வராது. கண் வந்தால் முகம் கலைந்துவிடும்.

கொத்தனார்களெல்லாம் அப்போது வெலிங்டன் தீவில் கிடங்கு கட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் வந்து சுவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சித்திரையில் விஷு கழியட்டும் என்றார். விஷு வரைக்கும் யார் காத்திருப்பது? நானே கட்டுகிறேன் என்று முடிவு செய்தேன். நான் கல்யாணச் சமையல்காரன். மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, கை சும்மாதான் இருக்கும். அதோடு செங்கல் எனக்குப் புதிதில்லை. திருப்பூணித்துறையில் எத்தனையோ கல்யாண வீட்டுக் கொல்லையில் அடுப்புக் கட்டியிருக்கிறேன். அண்டாவையே தாங்குகிற அடுப்பைக் கட்டுகிறவனுக்கு இடுப்பளவு சுவர் ஒரு பொருட்டா என்று நினைத்தேன்.

ஜன்னல் சட்டத்துக்கு இரண்டு மரத்தடிகளை முட்டுக் கொடுத்துவிட்டு, கீழே இருந்த கல்லை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கழற்ற வேண்டியதே இல்லை. தொட்டாலே பழைய சாந்து மாவாக உதிர்ந்தது. சாயங்காலம் அந்த இடத்தில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. அதன் வழியாகப் பின்சந்தும், அதற்கப்பால் இரண்டு கிடங்குகளின் இடைவெளியில் ஒரு துண்டுக் காயல் நீரும் தெரிந்தன. அந்த வீட்டில் அத்தனை வருஷம் இருந்தும் அங்கிருந்து காயல் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் மேல் வெயில் நெளிந்து, அந்த நெளிவு அப்படியே உள்ளே வந்து அறையின் மச்சில் ஆடியது. கோபத்தைக் கொஞ்ச நேரம் தள்ளிவைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சிமென்ட் அப்போது பெர்மிட் இருந்தால்தான் கிடைக்கும். நான் சமைத்த ஒரு கல்யாணத்தின் பெண் வீட்டுக்காரர், பாயசத்தை இன்னும் மறக்கவில்லை என்று சொல்லி ஒரு மூட்டை கொடுத்து அனுப்பினார். மூட்டையைப் பார்த்ததும் எனக்கு ஒரு யோசனை. அந்தக் காலத்துக் கோயில் மதிலெல்லாம் வெல்லம் சேர்த்த சாந்தில் கட்டியது என்று சமையற்கட்டுகளில் பேச்சு அடிபடும். வெல்லம் என் கைக்குள் இருக்கிற சரக்கு. வெறும் வெல்லத் தண்ணீரைக் கலந்தால் என் தொழிலுக்கு என்ன மரியாதை? அடுப்பில் உருளியை ஏற்றி, வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி, பாகு காய்ச்சினேன். கிண்ணித் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் திரட்டிப் பார்த்தேன். உருட்டுப் பதம். மனோகரத்துக்கு வைத்திருந்தால் சபை எழுந்து நின்றிருக்கும். அதைச் சிமென்டிலும் மணலிலும் ஊற்றிக் கிளறினேன்.

சாந்து பளபளவென்று வந்தது. ஏலக்காய் போடாததுதான் குறை. அடுப்புக்கு அடுக்குகிற மாதிரியே கல்லின் மேல் கல்லை நேராகப் பாதி ஓட்டை வரைக்கும் ஏற்றினேன். வீடு முழுக்க வெல்லம் மணத்தது. அந்த மணத்திலேயே அசந்து தூங்கினேன். குழந்தை தவழ்ந்து வந்து சுவரை நக்குவது போல ஒரு கனவு.

மறுநாள் சாந்து இறுகவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. விரல் வைத்தால் அல்வா. ஆனால் எறும்பு வந்தது. முதலில் ஓட்டை வழியாக ஒரு கோடு. பிறகு மிளகுக் கிடங்குப் பக்கத்திலிருந்து ஒரு கோடு. மட்டாஞ்சேரி எறும்புகளுக்கெல்லாம் யாரோ பாக்கு வைத்து அழைத்திருக்க வேண்டும். செவ்வெறும்பும் கறுப்பெறும்பும் சண்டை போடாமல் பந்தியில் உட்கார்ந்திருந்தன.

கும்பளங்கியிலிருந்து வள்ளத்தில், கக்காச் சிப்பியைச் சுட்ட சுண்ணாம்பு கொண்டுவந்து சந்து சந்தாக விற்கிற சேச்சி ஒருத்தி உண்டு. என் வயதுதான் இருக்கும், குரல் மட்டும் மணியோசை. அவள் ஓட்டைக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள்.

"எந்தா சாமி இது? சுவரோ, பாயசமோ?"

சிரித்துச் சிரித்துத் தலைச்சுமையைக் கீழே இறக்கிவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவளைத் துரத்தியிருப்பேன். ஆனால் அழுகை அதை முந்திக்கொண்டது. முப்பது வயதுக்காரன், கையெல்லாம் பாகு, காலெல்லாம் எறும்புக்கடி, அவள் முன்னால் நின்று விசும்பினேன். குழந்தை வரவேண்டும், சுவர் நிற்கவில்லை என்று சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

"இந்த சிமென்டு ஒன்னும் கொள்ளில்லா சாமி. கக்கா வாங்கிக்கோ. கக்கா சதிக்கில்லா."

சிமென்ட் உதவாது, கக்கா கைவிடாது என்று தன் சரக்கை விற்க எல்லோரும் சொல்வதுதான். இனிப்புச் சேர்ந்தால் சிமென்ட் பிடிக்காது என்பது எனக்கு வெகு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அவளுக்கும் அப்போது தெரியாது. நாங்கள் இரண்டு பேருமாக, பாவம், அந்தச் சிமென்டைத்தான் திட்டினோம். ஆனால் சுண்ணாம்பு கொடுத்ததோடு அவள் போய்விடவில்லை. கல்லை ஊறவைக்காமல் வைத்தால் அது சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும் என்றாள். மேல் கல் கீழே இருக்கிற இரண்டு கல்லின் மேலும் கால் வைத்து உட்கார வேண்டும், இப்படி நேர்நேராக ஏற்றினால் அது சுவரில்லை, அடுக்கி வைத்த பெட்டி என்றாள். காயல் மணலைத் தொடாதே, உப்பு. ஆற்று மணல் வாங்கு என்றாள். சொன்னதெல்லாம் சரியில்லை. சாந்தில் நல்லெண்ணெய் விடச் சொன்னாள். நான் பட்டது போதும் என்று விடவில்லை.

இனிப்புச் சாந்தையெல்லாம் சுரண்டி, கல்லைக் கழுவி, முதலிலிருந்து தொடங்கினேன். பிறகு வந்த நாட்களை நான் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றோடொன்று கரைந்து கிடக்கின்றன. சுட்ட கக்காவில் தண்ணீர் தெளித்தால் அது புஸ்ஸென்று மூச்சு விட்டு, வெடித்து, தானாகவே வெள்ளைப் பொடியாக விரியும். அதைச் சலித்து, மணலோடு குழைத்து, ஈரச்சாக்கால் மூடி வைப்பேன். காலையில் பனி ஓட்டை வழியாக உள்ளே வந்து உட்கார்ந்திருக்கும். கோயிலில் திருப்பள்ளியெழுச்சி கேட்கும். வாளியில் ஊறின கல்லை எடுத்தால் கை சில்லிடும். கரணையால் சாந்தை அள்ளி வைத்து, கல்லை உட்காரவைத்து, பிடியால் ஒரு தட்டு. வெண்கல டம்ளரைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு நேர் பார்ப்பேன். டம்ளர் ஆடி நிற்கும் வரைக்கும் நான் எங்கோ போய்விடுவேன். சில சமயம் அது நின்றபிறகும் திரும்பி வர மாட்டேன்.

ஆனால் ஒவ்வொரு கல்லுக்கும் மாமனாருக்கு ஒரு வசவு உண்டு. அவர் வருகிற அன்றைக்குச் சொல்வதற்காக ஒரு முழுப் பேச்சையே தயாரித்து, தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி வைத்திருந்தேன். செங்கல் வரி ஏற ஏறக் காயல் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. கடைசிக் கல்லை வைப்பதற்கு முன் ஒரு முறை குனிந்து பார்த்தேன். ஒரு வள்ளம் போய்க்கொண்டிருந்தது. அது தாண்டும்வரை காத்திருந்துவிட்டுக் கல்லை வைத்தேன். மனசு என்னவோ போல் இருந்தது.

சாந்து காயக் காயச் சாக்கை நனைத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். தை பிறந்து நன்றாக இறுகிய பிறகு ஆள் விட்டுச் சொன்னேன். வந்தார்கள். ஜெட்டியில் படகிலிருந்து மனைவி இறங்கும்போது முதலில் குழந்தையை என் கையில்தான் நீட்டினாள். இந்த முறை அது என்னை முறைத்துப் பார்த்தது. கண் அவளுடையது, மூக்கு என்னுடையது. இனி மறக்காது.

மாமனார் நேராகப் பின்னறைக்குப் போனார். வரிகள் இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தன. உள்ளங்கையை வைத்துத் தடவினார்.

"கொஞ்சம் கோணலாக்கும். ஆனா நிக்கும். நன்னா நிக்கும்," என்றார். காப்பியை முழுக்கக் குடித்துவிட்டு அடுத்த படகுக்கே கிளம்பிவிட்டார். என் பேச்சு வாயிலேயே நின்றுபோனது.

அவர் தலை மறைந்ததும் மனைவியிடம் ஆரம்பித்தேன். "உங்கப்பாவுக்கு என்ன நெனைப்பு? என் ஆத்துச் சொவரைக் குத்திப் பாக்க அவர் யாரு?"

அவள் மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அப்பாவா ஒண்ணும் சொல்லலை. நான்தான் போய்ப் பாத்துச் சொல்லச் சொன்னேன்."

அவள் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள்.

"இவளை வயத்துல வச்சுண்டு இந்த ஜன்னலுக்குக் கீழேதானே படுத்துண்டிருந்தேன். ராத்திரியெல்லாம் மண்ணு உதிரற சத்தம். எப்போ மேல விழுமோன்னு கேட்டுண்டே கெடப்பேன். உங்களை எத்தனை தடவை எழுப்பினேன்! பல்லியாக்கும், தூங்குன்னேள். அப்பா சொன்னாக் கேப்பேள்னு தோணித்து."

குற்றம் சாட்டுகிற குரலில்லை அது. எங்கே எதை வைத்தோம் என்று சொல்கிற குரல். அவள் எழுப்பிய ஒரு ராத்திரிகூட எனக்கு நினைவில் இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அதுதான் வலித்தது. மாமனார் மேல் சேர்த்து வைத்திருந்த அத்தனை கோபமும் போக இடமில்லாமல் என்னிடமே திரும்பி வந்தது.

அவள் பாயை உதறி ஜன்னலுக்குக் கீழே விரித்தாள். சுவரை ஒட்டிக் குழந்தையைக் கிடத்தினாள். பிறகு தானும் படுத்து, சுவரில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ஒண்ணும் கேக்கலை," என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள். வெயில் சாயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கல்யாணமாகி அத்தனை நாளில், அவள் தூங்குவதை நான் விழித்திருந்து பார்த்தது அன்றைக்குத்தான்.