ஏலக்காரரின் இருமல்

என் வீட்டுக்காரர் திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்கு ஏலம் கூவுகிறவர். மல்லிகை மூட்டையைப் பிரித்து அவர் விலை கூவினால் மார்க்கெட்டின் அந்தக் கோடி வரை கேட்கும். வீட்டில் உப்பு கேட்டாலும் அதே சத்தம்தான். அந்தத் தொண்டைக்கு வந்தது ஒரு வறட்டு இருமல். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. ஒரு விலையைக் கூவி முடிப்பதற்குள் இருமல் பிடித்துக்கொள்ளும், வாங்க வந்தவர்கள் பக்கத்துக் கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். கடை முதலாளியும் எத்தனை நாள்தான் பொறுப்பார்?

"வைகாசி முகூர்த்தத்துக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளத்தான் நிப்பாட்டணும்" என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் எல்லோரும் போனும் கையுமாக ஆனோம். இருமலுக்கு மருந்து கேட்டால் வீடியோ வீடியோவாகக் கொட்டியது. மிளகு, ஆடாதொடை, கற்பூரவல்லி, எதையும் விடவில்லை. மனுஷன் முகம் சுளிக்காமல் குடித்தார். சின்னாளப்பட்டியில் இருக்கும் என் நாத்தனார் தன் பங்குக்கு விடிந்தால் ஒரு வீடியோ அனுப்புவார். ஒன்றில் மஞ்சளைத் தேனில் குழைத்த ஒருவர், ராத்திரியே இருமல் போய்விடும் என்று சத்தியம் செய்தார். போனது என் தேன் பாட்டில்தான்.

ஒரு நாள் எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. இத்தனை நாளும் இருமலையே தேடுகிறோமே, இவர் உடம்புக்குள் புதிதாகப் போனது என்ன? பிரஷர் மாத்திரை. அது ஆரம்பித்த பிறகுதானே இந்தச் சனியன் வந்தது? அட்டையில் இருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் போனில் அடித்தேன். பக்கவிளைவுகள் என்ற இடத்தில் வறட்டு இருமல் என்று இருந்தது. நம்பாமல் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் இணையப் பக்கத்திலும் பார்த்தேன். அங்கேயும் அதேதான்.

நாத்தனாரிடம் போனில் சொன்னேன்.

"அப்ப அந்த மாத்திரைய இன்னைக்கே தூக்கிப் போடச் சொல்லு."

"பிரஷர் ஏறி விழுந்தா நீங்களா வந்து தூக்குவீங்க மதினி? டாக்டரக் கேக்காம ஒண்ணையும் நிப்பாட்ட மாட்டேன்" என்று போனை வைத்தேன்.

அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டரிடமே இருவரும் போய்ச் சொன்னோம். கேட்டதும் சிரித்தார். "போன்ல பாத்துட்டு வந்துட்டீங்களாம்மா?"

எனக்குச் சுருக்கென்றது. "பாத்தேன் சார். ஆனா மாத்திரைய நிப்பாட்டல. எது முதல்ல வந்துச்சுன்னு சொல்றேன், நீங்களே சொல்லுங்க."

அவர் சிரிப்பை விட்டுவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். அதுவரை அவரிடம் நாங்கள் இருமலைப் பற்றி மூச்சே விட்டதில்லை. மெடிக்கலில் சிரப் வாங்கியதோடு சரி.

"முன்னாடியே சொல்லியிருந்தா மாத்திக் கொடுத்திருப்பேனே. சரியாத்தான் புடிச்சிருக்கீங்க" என்று வேறு மாத்திரை எழுதினார். "இருமல் உடனே போகாது, சில வாரம் ஆகும்" என்றும் சொன்னார்.

சொன்னபடியே மெல்ல மெல்லக் குறைந்து நின்றது. வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மார்க்கெட்டுக்குப் போய் நின்றேன். மூட்டை மேல் மூட்டையாக வந்தது, அவர் ஒரு தடவைகூட இருமாமல் கூவினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"வேற ஆளுக்குச் சொல்லி வச்சிருந்தேன், வரவேணாம்னுட்டேன்மா" என்றார் முதலாளி.

ஏலம் முடிந்து வந்தவரிடம், "கண்டுபுடிச்சது யாரு?" என்று கேட்டேன்.

"நீதான் தாயே. அதையும் கூவிச் சொல்லட்டா?"

"சொல்லுங்க" என்றேன். மார்க்கெட் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.