பழையபடி வைத்துவிட்டுப் போனவர்

மகளுக்குத் தேனியில் கல்லூரி இடம் கிடைத்திருந்தது. மெயிலில் வந்த லிங்க்கை அன்று சாயங்காலத்துக்குள் திறந்து உறுதி செய்தாக வேண்டும். நூலகத்துப் பொதுக் கம்ப்யூட்டரிலோ, எத்தனை தடவை தட்டினாலும் ஒரு பழைய பிரௌசர்தான் திறந்து, வெறும் வெள்ளையாக நின்றது.

எனக்கு அடுத்துக் காத்திருந்த பெண் எழுந்து வந்தார். தடித்த கண்ணாடி, விரல்களில் ஏலக்காய் வாசம்.

"மவுஸ் மேல கோவிச்சு என்ன செய்யண்ணே, கொஞ்சம் தள்ளுங்க."

செட்டிங்ஸுக்குள் போய், மெயில் லிங்க்குகள் வேறொரு பிரௌசரில் திறக்கும்படி மாற்றினார். பக்கம் வந்தது. அதில் மகளின் பெயரும் இருந்தது. உறுதி செய்துவிட்டு எழுந்தேன்.

பிறகு அவர் உட்கார்ந்து தன் வேலையை முடித்தார். எழுந்திருக்கும் முன் செட்டிங்ஸைப் பழையபடியே மாற்றினார். எனக்கு எரிச்சலாக வந்தது.

"நல்லாத்தான ஓடுது, அப்படியே விட்டா என்னம்மா?"

"நமக்கு ஓடுது. இங்கன தினம் ஒரு வாத்தியார் வாராக. அவுகளுக்குப் பழசுதான் பழக்கம். நம்ம வயலுக்குத் தண்ணி பாஞ்சதும் மடைய அடுத்தவுக பக்கம் திருப்பி விடுறதில்லையாண்ணே?"

நாற்காலியையும் இருந்த இடத்துக்கே தள்ளிவிட்டு, கெங்குவார்பட்டி பஸ்ஸுக்கு ஓடினார். நன்றி சொல்லக்கூட விடவில்லை.

அவருக்கு என்னைத் தெரியாது. அன்று காலை, என் தண்ணீர் முறை முடிந்த பிறகும், அவசரத்தில் மடையை என் வயல் பக்கமே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

மகள் இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். அன்று அந்த நல்ல செய்தியோடு நான் முதலில் போனது வீட்டுக்கு இல்லை, மடைக்கு.